குதிரை இல்லாமல் கச்சீனியை மேடையேற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: "17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெண் இசையமைத்த இத்தாலிய ஓபராவை மேடையேற்ற ஆசைப்படுகிறோம். கையில் இருப்பது பத்துப் பாடகர்கள், ஆறேழு வாத்தியக்காரர்கள், ஒரு சின்ன அரங்கம். எதை எடுக்கலாம், எங்கே தொடங்கலாம், எங்கே மாட்டிக்கொள்வோம்?"

எதை எடுப்பது என்பதற்கு யோசிக்கவே வேண்டாம். அந்தக் காலத்திலிருந்து முழு இசைப்பிரதியோடு நம் கைக்கு வந்திருப்பது ஒன்றுதான். பிரான்செஸ்கா கச்சீனி இசையமைத்து, 1625 பிப்ரவரி 3-ம் தேதி பிளாரன்ஸ் நகருக்கு வெளியே போஜ்ஜோ இம்பெரியாலே மாளிகையில் அரங்கேறிய 'லா லிபெராட்சியோனே தி ருஜேரோ தால்லீசோலா தல்சீனா'. அல்சீனாவின் தீவிலிருந்து ருஜேரோவை மீட்ட கதை. பெண்கள் இசையமைத்த ஓபராக்களில் இன்று கிடைப்பவற்றுள் இதுவே மிகப் பழையது. கச்சீனி 1607-லேயே 'லா ஸ்தியாவா' என்ற அரசவைக் கேளிக்கைக்கு இசையமைத்தவர். அந்த இசை தொலைந்துபோயிற்று. மற்ற மேடை வேலைகளிலும் பெரும்பகுதி போய்விட்டது. வேறு பெண் இசையமைப்பாளரின் ஓபரா வேண்டுமென்றால் 1694-ல் பாரிஸில் அரங்கேறிய எலிசபெத் ஜாக்கே த லா கேரின் 'செஃபால் எ ப்ரோக்ரி' இருக்கிறது. ஆனால் அது வேறு நாடு, வேறு பாணி, உங்கள் பத்துப் பேருக்கு அடங்காத அளவு.

நான் கச்சீனியின் இந்த ஓபராவுக்கு இரண்டு தடவை ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய, நரம்பைச் சுண்டி ஒலிக்கும் கட்டை வாத்தியம்) வாசித்திருக்கிறேன். முதல் தடவை சொதப்பல், இரண்டாம் தடவை தேறியது. கீழே சொல்வதில் பாதி அந்தச் சொதப்பலில் கற்றது.

முதலில் ஒரு விஷயம். 1625-ல் அச்சான பிரதியின் முகப்பில் 'ஓபரா' என்ற சொல்லே கிடையாது. 'பல்லெத்தோ' என்றுதான் இருக்கிறது, அதாவது நடனம். பாட்டுக் கதை முடிந்ததும் அரசவைப் பெண்களும் பிரபுக்களும் ஆடினார்கள். அதற்கப்புறம் எல்லாரும் வெளி முற்றத்தில் 24 குதிரை வீரர்கள் இசைக்கு ஏற்பக் குதிரைகளை ஆட வைத்ததைப் பார்த்தார்கள். குதிரை நடனம் அந்தக் காலத்து பிளாரன்ஸின் பெருமைகளில் ஒன்று. நாம் இன்று ஓபரா என்று எடுத்து நடத்துவது அந்த மாலையின் ஒரு பங்கை மட்டும்தான். குதிரை ஆடிய இசை அச்சுப் பிரதியில் இல்லை. இதை மறந்துவிட்டு, ஒன்றே கால் மணி நேர நாடகமாக மட்டும் நடத்தினால் கடைசிக் கால்மணி நேரம் தொங்கிவிடும். எங்கள் முதல் முயற்சியில் அப்படித்தான் ஆயிற்று. மந்திரக்காரி தோற்றுவிட்டாள், நாயகன் மீண்டுவிட்டான், அப்புறமும் ஆட்கள் வந்து பாடிக்கொண்டே இருந்தார்கள். பார்வையாளர்கள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை நான் வாத்தியத்திலிருந்தே பார்த்தேன்.

ஆகவே இதை ஒரு விருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். யார், யாருக்கு வைத்த விருந்து என்பதும் முக்கியம். பிளாரன்ஸைத் தலைநகராகக் கொண்ட டஸ்கனியின் பெருங்கோமகன் இரண்டாம் கோசிமோ மெதிச்சி 1621-ல் இறந்தபோது மகன் ஃபெர்தினாந்தோவுக்குப் பத்து வயது. பையன் பெரியவனாகும் வரை ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு பெண்கள்: அம்மா மரியா மத்தலேனா, பாட்டி கிறிஸ்டீனா. போஜ்ஜோ இம்பெரியாலே மரியா மத்தலேனா தனக்கென்று வாங்கி, ஜூலியோ பரீஜி என்ற கட்டடக் கலைஞரை வைத்து விரித்துக் கட்டிய மாளிகை. அதே பரீஜிதான் இந்த ஓபராவுக்கு மேடையும் அமைத்தவர். விருந்தாளி போலந்து இளவரசர் விளாடிஸ்லாவ், பிற்காலத்தில் அந்த நாட்டு மன்னரானவர். 1621-ல் கோத்தின் போரில் ஒட்டோமான் படையை எதிர்த்து நின்ற பேர் அவருக்கு இருந்தது.

உறவுமுறையை ஆங்கிலப் புத்தகங்களில் படித்தால் தலை சுற்றும். தமிழில் ஒரே வரி. விளாடிஸ்லாவின் அம்மா ஆன்னா இறந்த பிறகு விளாடிஸ்லாவின் அப்பா, ஆன்னாவின் தங்கை கான்ஸ்டன்ஸை மணந்தார். மரியா மத்தலேனா இன்னொரு தங்கை. அதாவது வீட்டில் ஒரு சித்தி, விருந்து வைத்தது இன்னொரு சித்தி. அக்கா மகன் வந்திருக்கிறான், கார்னிவல் கொண்டாட்டக் காலம் வேறு, அரசாளும் சித்தி தன் சொந்த மாளிகையில் தன் ஆட்சி எப்படிப்பட்டது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கதை.

இசையமைத்தவரைப் பற்றியும் சுருக்கமாக. பிரான்செஸ்கா 1587-ல் பிறந்தார். அப்பா ஜூலியோ கச்சீனி, ஓபரா என்ற வடிவம் உருவானபோது கூடவே இருந்தவர். வீட்டில் எல்லாருமே பாடுவார்கள். 1607-ல் மெதிச்சி அரசவையில் சம்பளத்துக்குச் சேர்ந்த பிரான்செஸ்கா, சில ஆண்டுகளில் அங்கே மிக அதிகச் சம்பளம் வாங்கும் இசைக் கலைஞர்களில் ஒருவராகிவிட்டார், மாதம் 20 ஸ்கூதி நாணயம். பாடுவார், லூட் என்னும் நரம்பு வாத்தியம் வாசிப்பார், சொல்லிக்கொடுப்பார், இசையமைப்பார். 1618-ல் தன் பாடல்களை ஒரு தொகுப்பாக அச்சிட்டார். அதில் எந்த அசையில் எந்த ஸ்வரம் விழ வேண்டும் என்று அவர் காட்டிய கவனத்தைப் பார்த்தால், மாணவர்களைத் திருத்தித் திருத்திக் களைத்த ஒரு வாத்தியாரம்மா தெரிவார். உங்கள் பாடகர்களுக்கு முதலில் அந்தத் தொகுப்பிலிருந்து நாலு பாட்டு கொடுங்கள். ஓபராவைத் தொடும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

கதை இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் 'ஒர்லாந்தோ ஃபுரியோசோ' காவியத்திலிருந்து வருவது. அதை மேடைக்குப் பாட்டாக எழுதியவர் ஃபெர்தினாந்தோ சரசினெல்லி. அல்சீனா மந்திரக்காரி. தன் தீவுக்கு வரும் வீரர்களைக் காதலித்து, சலித்ததும் செடியாக, மரமாக மாற்றிவிடுவாள். இப்போது ருஜேரோ அவள் மடியில் கிடக்கிறான். போர் அவனுக்காகக் காத்திருக்கிறது, பிரதமாந்தே என்ற வீரப்பெண்ணும் காத்திருக்கிறாள். நல்ல மந்திரக்காரி மெலீசா அவனை மீட்க வருகிறாள். அவனை வளர்த்த முதியவர் அத்லாந்தேயின் உருவமெடுத்து வெட்கப்படும்படி திட்டுகிறாள். அவனுக்கு உறைக்கிறது. அல்சீனா திரும்பி வந்து கெஞ்சுகிறாள், அழுகிறாள், பலிக்கவில்லை என்றதும் பூதகணங்களை ஏவுகிறாள். தீவு எரிகிறது. செடிகள் மீண்டும் மனிதர்களாகின்றன. அப்புறம் ஆட்டம்.

இதில் ருஜேரோ எங்கே நாயகன்? ஒத்திகையின் முதல் நாளே இதைப் பேசித் தீர்த்துவிடுங்கள். பேர் அவனுடையது, ஆனால் அவன் ஒரு பந்தயப் பொருள். ஒரு பெண் வைத்திருந்ததை இன்னொரு பெண் எடுத்துக்கொண்டு போகிறாள். ஆட்சி செய்யும் இரண்டு பெண்களின் அவையில், ஒரு பெண்ணின் இசையில், ஆளத் தெரிந்தவள் எப்படி இருப்பாள், ஆசைக்கு ஆளானவள் எப்படி அழிவாள் என்று இரண்டு மந்திரக்காரிகளை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். நடுவில் நிற்கும் டெனர் (உயர்ந்த ஆண்குரல்), அதாவது ருஜேரோ, கொஞ்சம் அழகாக, கொஞ்சம் விழிப்பாக, அதே சமயம் கொஞ்சம் அசடாக இருந்தால் போதும். எங்கள் முதல் இயக்குநர் ருஜேரோவைப் பெரிய வீரனாக்கப் பார்த்தார், கவசமெல்லாம் மாட்டிவிட்டார். மனிதர் மேடையில் வெறுமனே நின்று இரண்டு பெண்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரும்புச் சட்டையோடு கேட்டுக்கொண்டிருந்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதனால் நடிகர் தேர்வில் பணமும் நேரமும் போக வேண்டியது அல்சீனாவுக்கும் மெலீசாவுக்கும்தான். அல்சீனா சோப்ரானோ, அதாவது உயர்குரல் பெண், மெலீசா தாழ்குரல் பெண். மெலீசா முதியவராக உருமாறும் இடத்தில் பலர் ஒரு ஆண் பாடகரைக் கொண்டுவரலாமா என்று யோசிப்பார்கள். வேண்டாம். ஒரு பெண், அப்பா ஸ்தானத்தில் இருப்பவரின் குரலை எடுத்துக்கொண்டு ஆணை அதட்டுகிறாள் என்பதுதான் அங்கே நடப்பது. பார்வையாளர் கண்முன்னாலேயே அவள் தாடியை எடுத்து மாட்டிக்கொள்ளட்டும். அரியோஸ்தோவின் காவியத்தில் ஒரு மந்திர மோதிரம் வந்து அல்சீனாவின் நிஜ உருவமான பல்லுப்போன கிழவியைக் காட்டிக்கொடுக்கும். இந்த ஓபராவில் அவனை எழுப்புவது அந்தத் திட்டுதான். எனவே அந்தக் காட்சியை நகைச்சுவையாக்கிவிடாதீர்கள். தாடி மாட்டும்போது சிரிப்பு வரும், வரட்டும். முதல் அடி விழுந்ததும் அரங்கம் அமைதியாகிவிட வேண்டும்.

அல்சீனாவைக் கெட்டவளாக நடிக்க வைக்காதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. அவளுடைய புலம்பல்தான் இந்த இசையின் உச்சம். அங்கே கச்சீனி தன் கதாபாத்திரத்தின் பக்கம் முழுதாக நின்று எழுதியிருக்கிறார். நீதி மெலீசாவுக்கு, இசை அல்சீனாவுக்கு என்று பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். இரண்டாவது முறை எங்கள் அல்சீனா அந்த இடத்தில் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. ருஜேரோ பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காலணிக் கயிறு அவிழ்ந்திருந்ததைப் பார்த்து, பாடிக்கொண்டே கட்டிவிட்டாள். ஒத்திகையில் தற்செயலாக நடந்தது, அப்படியே வைத்துக்கொண்டோம்.

சரி, இசைப்பிரதிக்கு வருவோம். அச்சுப் பிரதியின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நவீன எழுத்தில் வேண்டுமென்றால் டோரிஸ் சில்பர்ட் பதிப்பித்து 1945-ல் ஸ்மித் கல்லூரி வெளியிட்டது இருக்கிறது. எதைத் திறந்தாலும் பெரும்பாலான பக்கங்களில் இரண்டே வரி: மேலே குரல், கீழே பாஸ் என்னும் தாழ்ஸ்வர வரி. பாஸ் வரியில் அங்கங்கே எண்கள், அடையாளங்கள். அவ்வளவுதான். கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. கீர்த்தனைப் புத்தகத்தில் ஸ்வரத்தைப் பார்த்து அப்படியே பாடினால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் எலும்புக்கூடுதான் அச்சில் இருக்கிறது. பாஸ் மேல் என்ன கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), எந்த வாத்தியம், எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் வாசிப்பவர் முடிவு. பாஸ் வரியை இப்படி நிரப்பி வாசிக்கும் வாத்தியக் கூட்டத்துக்குக் கண்டினுவோ என்று பேர்.

உங்கள் ஆறேழு வாத்தியங்களில் கண்டினுவோவுக்கு நாலை ஒதுக்குங்கள்: ஹார்ப்சிகார்ட், சின்ன மரக்குழல் ஆர்கன், தியோர்போ என்னும் நீளக்கழுத்து லூட், காலிடுக்கில் வைத்து வில் போடும் வியோலா த காம்பா. மிச்சத்துக்கு இரண்டு வயலின். மேய்ப்பன் பாட்டுக்கு இடையில் மூன்று ரெக்கார்டர் (நேராகப் பிடித்து ஊதும் குழல்) வர வேண்டும். பாடகர்களில் மூன்று பேருக்கு ரெக்கார்டர் ஊதத் தெரிந்திருந்தால் செலவு மிச்சம். டிராம்போன்களும் வியோல்களும் கேட்கும் இடங்கள் உண்டு. அதை ஆர்கன் தாங்கிக்கொள்ளும், யாரும் வந்து சண்டை போட மாட்டார்கள். லிரோனே வாசிப்பவர் உங்கள் ஊரில் இருந்தால் மட்டும் கடன் வாங்கியாவது அழைத்து வாருங்கள். பல நரம்புகள், தட்டையான பாலம், வில் போட்டால் தனி ஸ்வரம் வராது, கார்டு மட்டும்தான் வரும். அந்தக் காலத்தில் புலம்பல்களுக்குப் பின்னால் விரும்பி வைத்த ஒலி அது. தியோர்போ நரம்பு விஷயம் தனிக்கதை. குடல் நரம்பு போட்டவராக இருந்தால், மேடை விளக்கு எரியத் தொடங்கியதும் சுருதி நகரும். இடைவேளை இல்லாத ஓபரா இது. எங்கே மூச்சுவிட்டுச் சுருதி பார்க்கலாம் என்று இயக்குநரோடு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சுருதி அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா அரைச் சுரங்களையும் சம அளவில் வைக்கும் பியானோவின் சமப் பகுப்பில் ஹார்ப்சிகார்டைச் சேர்த்து இதை வாசித்தால் இசை சப்பென்று இருக்கும். அந்தக் காலத்து வழக்கம் மீன்டோன். பஞ்சமத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்தர காந்தாரத்தைச் சுத்தமாக, அதிர்வே இல்லாமல் வைப்பார்கள். அந்தக் காந்தாரத்தைக் கேட்டுப் பழகினால் பியானோவின் காந்தாரம் கூரிய கல் மாதிரி குத்தும். இதற்கு ஒரு விலை உண்டு. ஜி-யை அரைச் சுரம் ஏற்றிய ஜி ஷார்ப்பும், ஏ-யை அரைச் சுரம் இறக்கிய ஏ ஃப்ளாட்டும் பியானோவில் ஒரே கட்டை, இங்கே ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு அரைச் சுரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளி இருக்கிறது. ஒரு கட்டையில் ஏதாவது ஒன்றைத்தான் வைக்க முடியும். தவறான பக்கம் போய்க் கார்டு பிடித்தால் ஓநாய் ஊளை.

இதற்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், கச்சீனியைப் பற்றி முழுப் புத்தகம் எழுதிய சூசன் க்யூசிக் சுட்டிக்காட்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அல்சீனாவும் அவளைச் சேர்ந்த பெண்களும் பெரும்பாலும் ஃப்ளாட் பக்கத்து ஸ்வரங்களில் பாடுகிறார்கள், ஆண்கள் ஷார்ப் பக்கம், ஆணும் பெண்ணுமாக மாறும் மெலீசா நடுவில். சமப் பகுப்பில் இது காகிதத்தில் மட்டும் இருக்கும் செய்தி. மீன்டோனில் காதுக்கே தெரியும்; தீவு மாறினால் காற்று மாறுகிற மாதிரி. இரண்டாம் முறை நான் ஹார்ப்சிகார்டில் ஜி ஷார்ப்பும், ஆர்கனில் ஏ ஃப்ளாட்டும் வைத்துக்கொண்டேன். ஏ ஃப்ளாட் தேவைப்படும் இடங்களில் கையை மடியில் வைத்துக்கொண்டு ஆர்கனை வாசிக்கவிட்டேன். அல்சீனா அழும்போது ஹார்ப்சிகார்டின் பளபளப்பு இல்லாமல் போவதும் நல்லதாகவே அமைந்தது. இதைத் திட்டமிட்டுச் செய்த மேதைத்தனம் என்று ஒரு விமரிசகர் எழுதினார். நான் மறுக்கவில்லை.

ஆதார சுருதியான ஏ ஸ்வரம் வினாடிக்கு 415 அதிர்வா, 440-ஆ, 466-ஆ என்று ஒரு பெரிய சண்டை எப்போதும் நடக்கும். உங்கள் மெலீசாவுக்கு எது சௌகரியமோ அதை வையுங்கள். அடுத்து.

பாடகர்களுக்கு வருவோம். நாடகத்தின் பெரும்பகுதி பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் போகும் நடை. கவிதை ஏழு அசை, பதினொரு அசை வரிகள் கலந்து வரும். இங்கே தாளத்தை எண்ணிப் பாடினால் செத்துவிடும். முதல் வாரம் ஸ்வரமே வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து இத்தாலிய வரிகளைப் பேசச் சொல்லுங்கள், அர்த்தம் தெரிந்து, கோபத்தோடு, கெஞ்சலோடு. இரட்டை மெய் எங்கே, ஒற்றை மெய் எங்கே என்பதில் கறாராக இருங்கள். அதில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: படம் வேறு, பட்டம் வேறு என்று பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு. ஆங்கிலம் மட்டும் பேசும் பாடகர்கள் இதற்குத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். வரிகள் பேச்சாக வந்த பிறகு பாஸ் வாசிப்பவர் மெல்ல உள்ளே வரட்டும். அவர் பாடகரின் வாயைப் பார்த்து வாசிக்க வேண்டும், தாளக்குச்சியை அல்ல. நடத்துநர் என்று ஒருவர் எதிரில் நின்று கையாட்டவே கூடாது என்பது என் கட்சி.

அலங்காரங்களில் ஒன்று மட்டும் சொல்கிறேன். 'த்ரில்லோ' என்று ஜூலியோ கச்சீனி தன் 1602 பாடல் தொகுப்பின் முன்னுரையில் விளக்கியிருப்பது, இன்று ஓபராவில் சொல்லும் டிரில் (பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வரங்களை மாறி மாறி வேகமாகப் பாடுவது) இல்லை. ஒரே ஸ்வரத்தைத் தொண்டையில் தட்டித் தட்டி வேகமாக்குவது. மகளும் அப்பாவிடம் அதைத்தான் கற்றிருப்பார். பெரிய அரங்கத்தில் பாடிப் பழகிய குரல்களுக்கு இது முதலில் ஆட்டுக்குட்டி கத்துவது மாதிரி வரும். பத்து நாளில் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இனி மேடை. பரீஜியின் காட்சிகளை அவர் மகன் அல்ஃபோன்சோ செதுக்கிய படங்கள் 1625-லேயே அச்சாகியிருக்கின்றன: கடல், தீவு, பற்றி எரியும் தீவு. அதைப் பார்த்தால் கை நடுங்கும், நம்மால் ஆகுமா என்று. ஆகும். கடலுக்கு அந்தக் காலத்து வழியே இன்றும் மலிவானது. நிக்கோலா சப்பத்தீனி 1638-ல் ரவென்னாவில் அச்சிட்ட மேடை இயந்திர நூலில் இருக்கிறது: அலை வடிவில் திருகித் திருகிப் போகும் நீள உருளைகள், மேலே துணி, நீலமும் கறுப்பும் பூச்சு, முகட்டில் வெள்ளி. ஒரு முனையில் கைப்பிடி. சுற்றினால் அலை கரையை நோக்கி வரும். நாங்கள் நாலு உருளை செய்தோம். மரக்கடையில் கிடைத்த பலகை, பழைய படுக்கை விரிப்பு, இரண்டு சனி ஞாயிறு. முதல் ஒத்திகையில் கைப்பிடி கிரீச்சிட்டது. தியோர்போவை விட அதுதான் நன்றாகக் கேட்டது. எண்ணெய் விட்டால் துணி கறைபடுகிறது. கடைசியில் அச்சுக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்ததில் சத்தம் அடங்கியது. சப்பத்தீனி தீக்கும் வழி சொல்கிறார், சாராயத்தில் நனைத்த துணியைக் கொளுத்தச் சொல்லி. அதை மட்டும் தயவுசெய்து வாசித்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். சிவப்பு விளக்கும், கீழிருந்து மின்விசிறி ஊதும் பட்டுத் துணியும் போதும்.

மந்திரத்தால் செடியானவர்கள் கூட்டமாகப் பாடும் இடம் ஒன்று உண்டு. ருஜேரோ விழித்தவுடன் போய்விடப் போகிறான், எங்களையும் விட்டுவிட்டுப் போகாதே என்று செடிகள் கேட்கின்றன. சின்னக் குழுவுக்கு இது வரம். எல்லாப் பாடகர்களும் தொடக்கத்திலிருந்தே மேடையில் செடியாக நிற்கலாம், தங்கள் பாத்திரம் வரும்போது செடியிலிருந்து வெளியே வரலாம், முடிந்ததும் திரும்பிப் போய் நிற்கலாம். ஆடை மாற்றும் தலைவலி இல்லை. அதோடு, அல்சீனாவும் ருஜேரோவும் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் பழைய காதலர்கள் நிற்கிறார்கள் என்பது சொல்லாமலே தெரியும். பச்சைச் சாயம் பூச வேண்டாம். அசையாமல் நிற்கத் தெரிந்தால் போதும். தும்மல் வந்தவரை நம்பி எதுவும் செய்ய முடியாது.

தொடக்கத்தில் வரும் முன்னுரைக் காட்சியை வெட்டிவிடலாம் என்று எல்லா இயக்குநர்களும் சொல்வார்கள். கடல் தெய்வம் நெப்டியூன், போலந்தின் விஸ்துலா நதி, நீர் தெய்வங்கள் எல்லாம் வந்து போலந்து இளவரசரைப் புகழ்ந்து பாடும் காட்சி அது. கதைக்குச் சம்பந்தமே இல்லை என்பார்கள். முதல் முறை நாங்களும் வெட்டினோம். அதுதான் முதல் தப்பு. புகழப்படும் விருந்தாளி யார் என்று தெரியாவிட்டால் கடைசி ஆட்டம் யாருக்காக என்றும் தெரியாது. இரண்டாம் முறை முன்வரிசை நடுவில் ஒரு நாற்காலியைப் பெரிதாகப் போட்டு, வாசலில் வந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். நெப்டியூனும் விஸ்துலாவும் அவரைப் பார்த்தே பாடினார்கள். ஒருநாள் பள்ளிக்கூடப் பையன், ஒருநாள் ஓய்வு பெற்ற தபால்காரர். தபால்காரர் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒன்றே கால் மணி நேரமும் அப்படியே இருந்தார்.

அப்புறம் குதிரை. காணொளியில் குதிரையை ஓடவிட்டவர்கள் உண்டு, குச்சியில் மாட்டிய குதிரைத் தலையோடு சிறுவர்களை ஆட வைத்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் குதிரையை விட முக்கியம், கூட்டம் வெளியே நடந்து போவது. 1625-ல் மெலீசா செந்தாவ்ரோக்கள், அதாவது பாதி மனிதன் பாதி குதிரையானவர்கள், இழுக்கும் தேரில் முற்றத்துக்கு வந்தாள். உள்ளே நடந்த கதை வெளிக்காற்றுக்கு வந்து முடிந்தது. உங்கள் அரங்கத்துக்கு வெளியே ஒரு முற்றமோ, வாகனம் நிறுத்தும் இடமோ இருக்கும். கண்டினுவோவிலிருந்து தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய வாத்தியங்கள் முன்னால் போகட்டும், செடியாக நின்றவர்கள் பார்வையாளர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போகட்டும். குதிரை இசைதான் தொலைந்துவிட்டதே என்றால், அந்தக் காலத்து பிளாரன்ஸ் நடன மெட்டுகள் வேறு பிரதிகளில் நிறைய இருக்கின்றன, கால் தட்டும்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கூட்டுப் பாட்டை அங்கே பாடுங்கள்.

நாங்கள் அப்படிச் செய்த மூன்று நாளில் இரண்டாம் நாள் மழை. இயக்குநர் உள்ளேயே முடித்துவிடலாம் என்றார். பாடகர்கள் அதற்குள் வெளியே போய்விட்டார்கள். நான் தூக்க முடியாத வாத்தியக்காரன் என்பதால் கதவருகே நின்று பார்த்தேன். தபால்காரர் மெலீசாவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அல்சீனா பாடியவர் ஆட்டத்தில் சேர முடியாது, கதைப்படி அவர் தோற்று ஓடிப்போனவர். அவரும் என் பக்கத்தில் ஈரத் தலையோடு வந்து நின்று, உள்ளே விட்டு வந்த தேநீர் ஆறிப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே, வெளியே பாடியவர்களோடு மேல்குரலை மெல்லச் சேர்த்துப் பாடினார்.